கட்டை வீட்ட மூலையிலேர்ந்து பாருங்க: ஸ்மோக்கி மலைப்பக்க குடியேறிகளோட பழைய வீடுகளுக்கு ஒரு கைடு

அமெரிக்காவுல ஸ்மோக்கி மவுண்டன்ஸ் நேஷனல் பார்க் போற நம்ம ஆளுங்க பெரும்பாலும் கேட்ஸ் கோவ்ங்கற பள்ளத்தாக்கச் சுத்தி வர்ற லூப் ரோட்ல கார்லயே ஒரு சுத்து சுத்திட்டு, கரடி கண்ணுல பட்டா போட்டோ எடுத்துட்டு, அங்க முதல்ல குடியேறினவங்கள்ல ஒருத்தரான ஜான் ஆலிவரோட கேபின், அதாவது மரக் கட்டைய அடுக்கிக் கட்டின வீட்டு வாசல்ல நின்னு ஒரு செல்ஃபி எடுத்துட்டு கிளம்பிடறாங்க. அந்த வீட்டோட மூலையில ஒரு கட்டை இன்னொரு கட்டை மேல எப்படி உக்காந்திருக்குன்னு குனிஞ்சு பாக்கறவங்க ரொம்பக் கம்மி, எனக்கு அது மனசுக்கு கஷ்டமாவே இருக்கும், ஏன்னா அந்த வீட்டைக் கட்டினவனோட மொத்த மூளையும் அந்த மூலையிலதான் இருக்கு.

ரெண்டு வகை ஆளுங்களுக்காக இத எழுதறேன். ஒண்ணு, சும்மா சுத்திப் பாக்கப் போறவங்க. இன்னொண்ணு, டென்னஸி, நார்த் கரோலினா, வர்ஜீனியா பக்கம் நிலத்தோட சேத்து பழைய பண்ணை வீடு வாங்கிட்டு, இத என்ன பண்றதுன்னு தெரியாம கான்ட்ராக்டர் சொல்றத அப்படியே கேக்கறவங்க. ரெண்டு பேருக்கும் நான் சொல்றது ஒண்ணேதான்: தண்ணி எங்க விழுது, எந்த வழியா வெளிய போகுதுன்னு பாருங்க. மர வீட்டுக்கு எதிரி தண்ணிதான், அந்த வீட்ல இருக்கற ஒவ்வொரு வெட்டும் ஒவ்வொரு சரிவும் தண்ணிய வெளிய தள்றதுக்காக யோசிச்சு வெச்சது, இத மனசுல வெச்சுக்கிட்டு பாத்தா வீடு தானா புரிய ஆரம்பிச்சுடும்.

முதல்ல கொஞ்சம் பின்னணி, சுருக்கமா சொல்லிடறேன். 1638ல டெலவேர் ஆத்தோரம் வந்து இறங்கின ஸ்வீடன், ஃபின்லாந்து ஆளுங்கதான் இந்தக் கட்டை அடுக்கற வித்தைய இந்தப் பக்கத்துக்குக் கொண்டு வந்தாங்க, அப்புறம் பென்சில்வேனியாவுக்கு வந்த ஜெர்மன்காரங்க அவங்க ஊர் முறையக் கொண்டு வந்தாங்க, அவங்ககிட்டேர்ந்து ஸ்காட்ஸ் ஐரிஷ் குடும்பங்க, அதாவது அயர்லாந்துலேர்ந்து வந்த ஸ்காட்லாந்து வம்சத்து ஆளுங்க, கத்துக்கிட்டு அப்பலாச்சியன் மலைப் பள்ளத்தாக்கு வழியா தெக்க இறங்கிட்டாங்க. ஜான் ஆலிவர் கேட்ஸ் கோவுக்கு வந்தது 1818ல. அந்த நிலம் செரோக்கிங்கற பூர்வகுடி மக்களோடது, அத அவங்ககிட்டேர்ந்து எழுதி வாங்கின ஒப்பந்தமே 1819லதான் ஆச்சு, 1838ல ராணுவத்த வெச்சு அவங்கள மேற்க துரத்தினாங்க. இந்த வீடுகள ரசிக்கும்போது இதையும் சேத்தே தெரிஞ்சு வெச்சுக்கணும்னு நான் நினைக்கறேன், ஒண்ண மறைச்சுட்டு இன்னொண்ண மட்டும் சொல்றது சரியில்ல.

கையில என்ன எடுத்துட்டுப் போகணும்? நல்ல டார்ச் ஒண்ணு, அளவு டேப், நோட்டு, போன், அவ்ளோதான். டார்ச்ச நேரா அடிக்காதீங்க, சுவத்த ஒட்டி சாய்ச்சு அடிங்க, அப்பதான் கோடாரித் தடம், ரம்பத் தடம் எல்லாம் நிழல் விழுந்து தெரியும். சொந்த வீடா இருந்தா ஒரு கூரான குத்தூசியும் எடுத்துக்கோங்க, பார்க் வீட்ல அதெல்லாம் கூடவே கூடாது, அங்க விரல் நகத்தால கூட சுரண்டக்கூடாது. ஏற்கனவே அந்தச் சுவர் பூரா ஆளுங்க பேரச் செதுக்கி வெச்சிருக்காங்க, பாத்தா வயிறு எரியும்.

இப்ப மூலைக்கு வருவோம். ரெண்டு சுவர் சந்திக்கற இடத்துல கட்டைங்க ஒண்ணு விட்டு ஒண்ணு மாறி மாறி வரும், ரெண்டு கைவிரலையும் கோத்துக்கிட்டா எப்படி இருக்குமோ அப்படி. அந்த முனைய எப்படி வெட்டிருக்காங்கங்கறதுதான் விஷயமே. உருட்டுக் கட்டைய அப்படியே வெச்சு அரைவட்டமா குடைஞ்சு உக்கார வெச்சு, முனை ரெண்டும் வெளிய நீட்டிக்கிட்டு இருந்தா அது சேடில் நாட்ச் (நாட்ச்னா மூலையில போடற வெட்டு), சீக்கிரமா ஆகற வேலை, தொழுவம், சின்ன கொட்டகை, அவசரத்துக்குக் கட்டின குடிசைன்னு இதுங்கள்ல நிறைய பாக்கலாம். நீட்டிக்கிட்டு இருக்கற முனையில மழை விழுந்து ஊறி அதுதான் முதல்ல உளுத்துப் போகும். அடுத்தது வி நாட்ச், முனைய நேரா பாத்தா மேல கூரை முகடு மாதிரி கூரா இருக்கும், தண்ணி ரெண்டு பக்கமும் வழிஞ்சுடும். சதுரமா வெட்டினதும் உண்டு, அது பாக்க ஈஸி, ஆனா பூட்டாது, கட்டை நகராம இருக்க மர ஆணி அடிக்க வேண்டியிருக்கும்.

ஸ்மோக்கி பக்கம் நல்லா கட்டின வீடுன்னா பெரும்பாலும் ஹாஃப் டவ்டெயில்ங்கற வெட்டுதான். இத நல்லா கவனிங்க, ஏன்னா எனக்கு இதுல இருக்கற புத்திசாலித்தனம் எவ்ளோ தடவ பாத்தாலும் அலுக்கறதில்ல. கட்டை முனைய நேருக்கு நேர் பாத்தீங்கன்னா அடிப்பக்கம் தட்டையா இருக்கும், மேல்பக்கம் மட்டும் வீட்டுக்குள்ளேர்ந்து வெளிய பாத்து சரிஞ்சு இருக்கும். அதுக்கு மேல குறுக்க வர்ற கட்டையோட அடிய அதே சரிவுக்கு வெட்டிருப்பாங்க, அதனால அந்தக் கட்டையோட நுனி தடிமனாவும் அதுக்குக் கொஞ்சம் உள்ள தள்ளி மெலிசாவும் ஆயிடும், இழுத்தா வராது, பூட்டிக்கும். மேல கூரையோட பாரம் ஏற ஏற இன்னும் இறுக்கமா பூட்டும். அதே சரிவுதான் உள்ள புகுந்த மழைத்தண்ணியவும் வெளிய வழிய விடுது. ஆக ஒரே வெட்டு, ஆணி ஒண்ணுகூட இல்லாம பூட்டும் ஆச்சு வடிகாலும் ஆச்சு. நாலு மூலையிலயும் ஒரே மாதிரி இருக்கான்னு சுத்தி வந்து பாருங்க, நாலு மூலைக்கும் நாலு பேர் கோடாரியோட உக்காந்து ஒரே நேரத்துல வெட்டறதும் உண்டு, அப்ப ஒவ்வொருத்தர் கையும் தனித்தனியா தெரியும், ஒரு மூலை மட்டும் அழுத்தமா ஒட்டி இருக்கும், பக்கத்து மூலையில விரல் போற அளவுக்கு சந்து இருக்கும்.

மூலைக்கு அப்புறம் கட்டையோட முகம். உருட்டுக் கட்டைய தட்டையாக்கறதுக்கு முதல்ல சாதாரண கோடாரியால குறுக்க குறுக்க ஆழமா கொத்து போட்டுக்கிட்டே போவாங்க, அப்புறம் ஒரு பக்கம் மட்டும் சாணை பிடிச்ச அகலமான கோடாரியால அந்தக் கொத்துக்கு நடுவுல இருக்கற மரத்த சீவித் தள்ளிடுவாங்க. கொத்து கொஞ்சம் ஆழமா போன இடத்துல அந்தத் தடம் அப்படியே நிக்கும், சுவத்துல சாய்வா வரிசையா தெரியற வெட்டுத் தழும்பு எல்லாம் அதுதான். நிறைய பேர் அத வாய்ச்சி போட்ட தடம்னு சொல்றாங்க, சுவர்க் கட்டைக்கு வாய்ச்சி எடுக்கறது அபூர்வம், தரைப் பலகைக்குத்தான் அது. பலகைங்கள்ல ரம்பத் தடத்தப் பாருங்க. மேலேர்ந்து கீழ நேர் கோடா இருந்தா பழைய வகை வாள் மில்லு, வட்ட வட்டமா வில்லு மாதிரி கோடு இருந்தா வட்ட ரம்பம், அது 1840க்கு அப்புறம்தான் பரவலாச்சு, மலைக்குள்ள வர இன்னும் லேட்.

மரம் எதுன்னும் பாருங்க. இந்தப் பக்கம் டியூலிப் பாப்லர் நிறைய, ஏன்னா நேரா உசரமா வளரும், வெட்ட லகுவா இருக்கும். ஓக் உண்டு, பைன் உண்டு. செஸ்ட்நட்டா இருந்தா ஒரு நிமிஷம் நின்னு பாருங்க. செஸ்ட்நட் ஓக் மாதிரியேதான் இருக்கும், ஆனா ஓக் கட்டையோட முனையில நடுவுலேர்ந்து வெளிய கதிர் கதிரா கோடு ஓடறது வெறுங்கண்ணுக்கே தெரியும், செஸ்ட்நட்ல அது தெரியாது. 1904ல நியூயார்க்ல கண்டுபிடிச்ச ஒரு பூஞ்சை நோய் ஐம்பது வருஷத்துக்குள்ள இந்த மலைங்கள்ல இருந்த பெரிய செஸ்ட்நட் மரத்த எல்லாம் சாய்ச்சுடுச்சு, கோடிக்கணக்குல செத்தது. இப்ப அடியிலேர்ந்து துளிர் விடும், பெருசாகறதுக்குள்ள திரும்ப செத்துடும். அதனால அந்த சைஸ் செஸ்ட்நட் கட்டைய புதுசா வெட்டி மாத்தலாம்ங்கற பேச்சே கிடையாது, உங்க வீட்ல அது இருந்தா பொக்கிஷமா பாத்துக்கோங்க.

கீழ குனிஞ்சு அடிக்கட்டையப் பாருங்க. நல்லா கட்டினவங்க அடிக்கட்டைய மண்ணுல வைக்கவே மாட்டாங்க, மூலைக்கு ஒரு கல்லு, நடுவுல தேவைன்னா இன்னொரு கல்லுன்னு தூக்கி வெச்சிருப்பாங்க, கீழ காத்து ஓடணும்னு. பின்னால வந்தவங்க குளிருதுன்னு சுத்தி பலகையோ சிமெண்ட் கட்டையோ வெச்சு அடைச்சுடறாங்க, உள்ள ஈரம் நின்னு அடிக்கட்டை உள்ளுக்குள்ளயே மக்கிடும், வெளிய பாத்தா நல்லா இருக்கும், உள்ள வெறும் கூடுதான். கல்லு மேல மண் குழாய் ஏறியிருந்தா கரையான். கூரை விளிம்புலேர்ந்து சொட்டற தண்ணி தரையில தெறிச்சு கீழ் ரெண்டு மூணு கட்டைய நனைக்குதான்னும் பாருங்க, உளுத்துப் போற கட்டைங்க பெரும்பாலும் அங்கதான் இருக்கும். சிம்னி கல்லா, செங்கலா பாத்துக்கோங்க. ஆரம்ப காலத்துல கல்லு தூக்க ஆளோ நேரமோ இல்லாதவங்க குச்சிய அடுக்கி மண்ணப் பூசியே சிம்னி கட்டுனாங்க, தீப்பிடிச்சா வீட்டவிட்டு தள்ளி சாய்க்கற மாதிரி அத வெளிப்பக்கம் சாஞ்ச வாக்குல முட்டுக் கொடுத்து நிறுத்துவாங்க.

கதவு ஜன்னல் சின்னதா இருக்கேன்னு தோணும். முதல்ல சுவத்த முழுசா அடுக்கிட்டு அப்புறம்தான் ரம்பத்தப் போட்டு கதவுக்கும் ஜன்னலுக்கும் வழி அறுப்பாங்க, அறுத்ததும் கட்டைங்க பிடிமானம் இல்லாம தொங்குமே, அதனால ரெண்டு பக்கமும் தடிப்பலகைய நிறுத்தி ஒவ்வொரு கட்டை முனையிலயும் துளை போட்டு மர ஆணி அடிப்பாங்க. ஜன்னல் பெருசாக பெருசாக சுவத்தோட பலம் போகும், சூடும் போகும்.

சரி, வெளிய பாத்தா சாதாரண பலகை அடிச்ச பண்ணை வீடு, உள்ள கட்டை வீடு ஒளிஞ்சிருக்குன்னு எப்படி கண்டுபிடிக்கறது? ஜன்னல் ஆழத்த அளந்து பாருங்க, மரச் சட்டத்துல பலகை அடிச்ச சாதாரண ஃபிரேம் வீட்ட விட சுவர் ரொம்ப தடியா இருந்தா சந்தேகப்படலாம். ஒரு ரூம் மட்டும் பதினாறுக்கு இருபது அடி மாதிரி அளவுல, மத்த ரூமெல்லாம் பின்னால ஒட்டின மாதிரி இருந்தா சந்தேகம் இன்னும் பலமாகும், ஏன்னா கட்டை நீளம் எவ்ளோவோ ரூம் நீளமும் அவ்ளோதான், இருபத்துநாலு அடிக்கு மேல போனா மரம் நுனியில ஒல்லியாயிடும், தூக்கவும் முடியாது. கூரைக்கு அடியில இருக்கற அட்டிக்ல ஏறி டார்ச் அடிச்சா மேல்வரிசைக் கட்டை பெரும்பாலும் தெரிஞ்சுடும். எலி எச்சம் இருக்கும், என்95 மாஸ்க் போட்டுக்கோங்க.

வயசு கண்டுபிடிக்கறதுலதான் நிறைய பேர் ஏமாறறாங்க. வாசல்ல தொங்கற போர்ட நம்பாதீங்க, குடும்பக் கதையையும் அப்படியே எடுத்துக்காதீங்க. கென்டக்கில ஆபிரகாம் லிங்கன் பொறந்த கேபின்னு பளிங்கு மண்டபத்துக்குள்ள வெச்சிருக்காங்களே, அந்தக் கட்டைங்கள்ல வருஷத்துக்கு ஒண்ணா விழற மர வளையத்த ஆராய்ஞ்சு பாத்ததுல மிகப் பழைய கட்டையே 1848தான்னு தெரிஞ்சது, லிங்கன் பொறந்தது 1809ல. டென்னஸியிலயே ஸ்வாகர்ட்டி ப்ளாக்ஹவுஸ்னு ஒண்ணு, 1787ல எதிரிங்ககிட்டேர்ந்து காப்பாத்திக்கக் கட்டின கோட்டைன்னு காலங்காலமா சொல்லிட்டு வந்தாங்க, மர வளையம் சொன்னது 1860, அது ஒரு பண்ணைக் கொட்டகை. அதுக்காக அதோட மதிப்பு குறைஞ்சுடுச்சான்னா எனக்கு அப்படித் தோணல, உண்மையான கதை தெரிஞ்ச கொட்டகை பொய்க் கதை சொல்ற கோட்டைய விட உசத்தி.

ஆணி உதவும், ஆனா ஒரு எல்லை வரைக்கும்தான். கொல்லன் அடிச்ச ஆணியில தலையில சுத்தியல் அடிச்ச முகம் முகமா தெரியும், நாலு பக்கமும் கூம்பி வரும். மெஷின்ல வெட்டின ஆணி 1790கள்லேர்ந்து 1890 வரைக்கும் ஓடுச்சு, ரெண்டு பக்கம் மட்டும்தான் கூம்பும், நுனி மொட்டையா இருக்கும். இப்ப நாம பாக்கற உருண்டை கம்பி ஆணி 1890 வாக்குலதான் ஆதிக்கத்துக்கு வந்தது. கம்பி ஆணி இருக்குன்னா அந்தப் பலகைய அடிச்ச காலம் தெரியும், கட்டைய அடுக்கின காலம் தெரியாது, இதக் குழப்பிக்காதீங்க. உள்சுவத்துல காத்து வராம இருக்க ஒட்டின பழைய நியூஸ்பேப்பர் கிடைச்சா தேதியப் படிங்க, கிழிக்காதீங்க. கட்டாயம் தேதி வேணும்னா மர வளைய ஆய்வுதான் வழி, கட்டையில மரப்பட்டை ஒட்டியிருந்த கடைசி விளிம்பு மிச்சம் இருந்தாத்தான் வெட்டின வருஷம் துல்லியமா வரும், இல்லைன்னா அதுக்கு அப்புறம்னு மட்டும்தான் சொல்ல முடியும். அதனால சுவர்க் கட்டையில எங்கயாவது பட்டை மிச்சம் இருந்தா அசிங்கமா இருக்குன்னு உரிச்சுடாதீங்க.

இதெல்லாம் பழக ஒரே இடத்துல ஒரு பாடம் வேணும்னா கேட்ஸ் கோவ்ல ஹென்ரி வைட்ஹெட் வீட்டுக்குப் போங்க, மெயின் லூப்ல இல்ல, ஃபோர்ஜ் க்ரீக் ரோட்ல கொஞ்ச தூரம், அதனால கூட்டமும் இருக்காது. ஒட்டி ஒட்டி ரெண்டு வீடு இருக்கும். பின்னால இருக்கற சின்னது மட்டில்டாங்கற பொம்பளையோடது, புருஷன் விட்டுட்டுப் போன அப்புறம் பையனோட நின்ன அவங்களுக்கு அண்ணன் தம்பிங்க சேந்து அவசர அவசரமா எழுப்பினது, கட்டைங்க கரடுமுரடா இருக்கும், சிம்னியும் அள்ளிப் பொறுக்கின கல்லு. முன்னால இருக்கறது அவங்க ரெண்டாவதா கட்டிக்கிட்ட வைட்ஹெட் 1890கள்ல கட்டினது, மில்லுல சதுரமா அறுத்த கட்டை, இடுக்கே இல்லாம உக்காந்திருக்கும், உள்ள நின்னா கட்டை வீடுன்னே தோணாது, சிம்னி செங்கல். ரெண்டு மூலையையும் மாறி மாறிப் பாருங்க, நான் மேல சொன்னது அத்தனையும் அங்க கண்ணு முன்னால இருக்கு. பார்க்ல கால் மணி நேரத்துக்கு மேல வண்டி நிறுத்தினா பார்க்கிங் டேக் வேணும், ஒரு நாளைக்கு 5 டாலர். கோடையில புதன்கிழமை லூப்ல கார் விடமாட்டாங்க, நடை இல்ல சைக்கிள்தான், எனக்கு அந்த நாள்தான் பிடிக்கும்.

ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க, 1934ல பார்க் ஆனதுக்கு அப்புறம் அங்க இருந்த புதுமாதிரி ஃபிரேம் வீடுகள நிறைய இடிச்சுட்டு பழைய கட்டை வீடுகளத்தான் விட்டு வெச்சாங்க. அதனால அங்க ஜனங்க கடைசி வரைக்கும் இப்படித்தான் வாழ்ந்தாங்கன்னு முடிவு கட்டிடாதீங்க, பலகை வீடு, பெயிண்ட் அடிச்ச வீடு எல்லாம் இருந்துச்சு.

இனி சொந்தமா இப்படி ஒரு வீடு வெச்சிருக்கறவங்களுக்கு. வெளிய அடிச்சிருக்கற பலகையப் பிச்செடுத்து கட்டைய வெளிய காட்டணும்ங்கற ஆசைய தயவுசெஞ்சு அடக்குங்க. கையில காசு வந்ததும் குளிருக்கும் மழைக்கும் பாதுகாப்பா பலகை அடிச்சுக்கறது அந்தக் காலத்து ஆளுங்க வழக்கம், அந்தப் பலகைக்கே நூறு வயசுக்கு மேல இருக்கலாம், நூறு வருஷமா மழையே படாத கட்டைய திடீர்னு வெயில் மழையில நிறுத்தினா அது தாங்காது. சாண்ட் ப்ளாஸ்ட், பிரஷர் வாஷ் ரெண்டும் வேண்டவே வேண்டாம், கோடாரித் தடம் ஒரு தடவ போனா போனதுதான். பளபளன்னு வார்னிஷ் அடிச்சா உள்ள ஈரம் மாட்டிக்கும். பழைய பெயிண்ட் இருந்தா 1978க்கு முந்தினதுல ஈயம் இருக்கும்னே வெச்சுக்கிட்டு டெஸ்ட் பண்ணிட்டு சுரண்டுங்க. குத்தூசியால கட்டைய கீழ்வரிசை, மூலை, ஜன்னலுக்குக் கீழன்னு குத்திப் பாருங்க, நல்ல மரம் எதிர்க்கும், உளுத்தது வெண்ணெயா உள்ள போகும். ஈரம் அளக்கற மீட்டர் 20 சதவீதத்துக்கு மேல காட்டினா பூஞ்சைக்கு வழி திறந்திருக்குன்னு அர்த்தம், முதல்ல தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு பாத்து அத நிறுத்துங்க, அப்புறம்தான் மரவேலை. கட்டை முழுசையும் மாத்தாதீங்க, கெட்ட பாகத்த மட்டும் வெட்டிட்டு அதே மர வகையில ஒட்டு போடற கைக்காரங்க இருக்காங்க, அவங்களத் தேடிப் பிடிங்க. அடிக்கட்டை மாத்த வீட்ட ஜாக்கி வெச்சு தூக்கணும், அத நீங்களா பண்ணாதீங்க.

பண உதவிக்கு உங்க ஸ்டேட்டோட வரலாற்றுப் பாதுகாப்பு ஆபீஸுக்கு வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே போன் போடுங்க, பாதி வேலை முடிச்சுட்டுப் போனா கிடைக்காது. ஃபெடரல் அரசாங்கத்துல 20 சதவீத வரிச் சலுகை இருக்கு, ஆனா வாடகை மாதிரி வருமானம் வர்ற கட்டடத்துக்குத்தான். நார்த் கரோலினா, வர்ஜீனியா மாதிரி சில ஸ்டேட்ல குடியிருக்கற வீட்டுக்கும் தனியா சலுகை உண்டு. வரலாற்று இடங்களோட பட்டியலான நேஷனல் ரெஜிஸ்டர்ல பேர் ஏறினா வீட்டத் தொடவே முடியாதுன்னு பயப்படறாங்க, அப்படி இல்ல, சொந்தக் காசுல நீங்க பண்றத அது மட்டும் தடுக்காது.

கடைசியா இடுக்கு அடைப்பு, எல்லாரும் கெடுக்கற இடம் இதுதான். கட்டைக்கும் கட்டைக்கும் நடுவுல இருக்கற சந்துல முதல்ல கல்லு, மரச்சில்லு திணிச்சு அதுக்கு மேல மண்ணோ சுண்ணாம்போ பூசிருப்பாங்க, வைக்கோலோ மிருக முடியோ கலந்து. மரம் வெயிலுக்கும் மழைக்கும் சுருங்கி விரியும், மெத்துனு இருக்கற அந்தப் பூச்சு கூடவே வளைஞ்சு கொடுக்கும், உடைஞ்சா அதுதான் உடையும், கட்டை பொழைச்சுக்கும். அங்க வெறும் சிமெண்ட்டப் பூசினா அது வளையாது, மரத்தவிட்டு விலகி மயிரிழை சந்து விடும், அதுல தண்ணி இறங்கி வெளிய வர வழி இல்லாம கட்டைய உள்ளேர்ந்து தின்னுடும். ஒட்டிக்கிட்டு இருக்கற பழைய பூச்சத் தொடாதீங்க, உதிர்ந்த இடத்த மட்டும் பாருங்க. சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் நாலு பங்கு, சிமெண்ட் சேத்தே ஆகணும்னா கால் பங்குக்கு மேல வேண்டாம், பழைய பூச்சோட கலருக்கு மணலப் பாத்து எடுங்க. பூசறப்ப மேல்கட்டையோட விளிம்புக்கு உள்ள தள்ளி ஆரம்பிச்சு கீழ வர வர வெளிய சரிச்சுக் கொண்டு வாங்க, ஆனா கீழ்க்கட்டையோட விளிம்பத் தாண்டி வழியக்கூடாது, தாண்டினா அது தண்ணி பிடிக்கற தட்டாயிடும். உறைபனி விழற மாசத்துல ஆரம்பிக்காதீங்க, கொளுத்தற வெயில்லயும் வேண்டாம், பூசினதுக்கு அப்புறம் சில நாள் ஈரச் சாக்கு தொங்கவிட்டு மெதுவா காய விடுங்க, அவசரமா காஞ்சா வெடிச்சுடும்.